தாம்பரம் சானடோரியமும் சேத்துப்பட்டு மாத்திரையும்

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் போய் வந்தவர்களுக்கு 'தாம்பரம் சானடோரியம்' என்கிற ஸ்டேஷன் பெயர் தெரியாமல் இருக்காது. கல்லூரி நாட்களில் மூணு வருஷம் தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தான் போய் வந்தேன். சானடோரியம்னா என்னன்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்லை. யாரோ வெள்ளைக்காரத் துரை பேருன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் :-)

ஒரு நாள் பாட்டிகிட்ட பேச்சுவாக்கில் சொன்னப்பதான் விஷயம் தெரிஞ்சது. "துரையும் இல்ல ஒண்ணும் இல்ல. அது டி.பி. ஆஸ்பத்திரிடா. உங்க தாத்தாவையும் அந்த மாதிரி எங்கயாவது கொண்டுபோய்ச் சேத்துடுன்னுதான் சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னாங்க. நான் சேக்கல. வீட்டுல வெச்சே மாத்திரை குடுத்துத் தேத்தினேன்" என்றார். தாத்தாவுக்கு டி.பி. இருந்த விஷயமே அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும். எங்க வீட்டில் முப்பது வருஷத்துக்கும் மேல் யாரும் வாய் திறக்காத ரகசியம்!

இந்தப் பழைய கதை இப்ப எதுக்குன்னா, சமீபத்தில் படிச்ச ஒரு கணக்குதான் காரணம். அமெரிக்காவில் மருத்துவ ஆராய்ச்சிக்கு ஆதரவு திரட்டும் ஒரு கூட்டமைப்பு வருஷா வருஷம் ஓர் அறிக்கை போடுகிறது. அங்கே தேசிய சுகாதார நிறுவனம் கொடுக்கும் ஆராய்ச்சிப் பணத்தால் ஒவ்வொரு மாநிலத்துக்கும் என்ன லாபம், எத்தனை பேருக்கு வேலை என்று மாநிலவாரியாகப் பட்டியல். 2024 நிதியாண்டுக் கணக்குப்படி ஒரு டாலர் போட்டால் 2.56 டாலர் அளவுக்குப் பணம் புழங்குகிறதாம். நாடு முழுக்க நாலு லட்சத்துக்கு மேல் வேலைகளாம். 2025இல் அந்த நிதியை வெட்டும் பேச்சு வந்தபோது எல்லா மாநிலத்துக்காரர்களும் இந்த மாதிரிக் கணக்கைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தப்பான கணக்கு இல்லை. ஆனால் அது செலவழித்த பணத்தின் கணக்கு. விஞ்ஞானிக்குச் சம்பளம், அவர் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, சோதனைக் குழாய் விற்றவருக்கு லாபம், லேப் வாசலில் டீ விற்பவருக்கு வியாபாரம். அந்தப் பணத்தில் ரோடு போட்டிருந்தாலும் இதே மாதிரி ஒரு பட்டியல் போடலாம். ஆராய்ச்சி என்ன கண்டுபிடித்தது, அதனால் ஜனங்களுக்கு என்ன மிச்சம் என்பது அதில் வராது.

அந்த இன்னொரு கணக்கைப் போட்டுப் பார்க்க நம்ம ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கு. அதுவும் அதே ரயில் பாதையில்! தாம்பரம் சானடோரியத்திலிருந்து பீச் பக்கமாகப் போனால் பன்னிரண்டாவது ஸ்டேஷன் சேத்துப்பட்டு. சானடோரியம் என்கிற யோசனையையே உலகம் பூராவும் காலி பண்ணிய ஆராய்ச்சி அங்கேதான் நடந்தது.

(கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாப் படிங்க.)

*

முதலில் அந்தக் காலத்து நிலைமை. சயரோகம், எலும்புருக்கி நோய், காசநோய் என்று பல பெயர். மருந்து கிடையாது. சுத்தமான காற்று, முழு ஓய்வு, நல்ல சாப்பாடு, இது மூணும்தான் வைத்தியம். இது மூணும் கிடைக்கும் இடம்தான் சானடோரியம். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய டாக்டர் சௌரி முத்து திரும்பி வந்து 1928இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் சென்னை மாகாண அரசு அதை வாங்கிக்கொண்டது. இப்போது ஆந்திராவில் இருக்கும் மதனப்பள்ளியில் மிஷனரிகளின் ஆரோக்கியவரம் சானடோரியம் 1915இலிருந்தே இருந்தது.

இடம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். எத்தனை பேருக்குக் கிடைத்தது? 1946இல் வந்த போர் கமிட்டி அறிக்கை (சண்டை போர் இல்லைங்க, தலைவர் பெயர் ஜோசப் போர்) ஒரு கணக்கு சொல்கிறது. பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் காசநோயாளிகள் சுமார் 25 லட்சம். வருஷத்துக்குச் சாவு சுமார் 5 லட்சம். மொத்தப் படுக்கைகள் சுமார் 6,000.

வகுத்துப் பாருங்க. ஒரு படுக்கைக்கு நானூறு பேருக்கு மேல். ஆளுக்கு ஒரு வருஷம் என்று வைத்தால் கடைசி ஆளின் முறை வர நானூறு வருஷம் ஆகும். அத்தனை பேருக்கும் படுக்கை கட்டுவதென்றால் சுதந்திர இந்தியாவின் கஜானா எந்த மூலைக்கு?

அந்த வரிசையில் நின்ற ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். புதுமைப்பித்தன். 1948இல், நாற்பத்திரண்டு வயதில், காசநோயில் போய்ச் சேர்ந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அதற்கு நாலு வருஷம் முன்பே அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மருந்து உலகத்தில் இருப்பது வேறு, நம்ம கைக்கு வந்து சேர்வது வேறு.

அடுத்து பி.ஏ.எஸ். வந்தது. 1952இல் ஐசோநயாசிட் வந்தது. இதில்தான் விசேஷம். ஐசோநயாசிட் என்ற வேதிப்பொருளை 1912லேயே தயாரித்து, என்ன பயன் என்று தெரியாமல் விட்டிருந்தார்கள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று 1952 வாக்கில் மூன்று கம்பெனிகள் தனித்தனியாக ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. பழைய சரக்கு என்பதால் யாரும் அதற்குக் காப்புரிமை கேட்டு மல்லுக்கட்ட முடியவில்லை. விலை மலிவு, ஊசி வேண்டாம், வாயில் போட்டு முழுங்கும் மாத்திரை.

மாத்திரை கைக்கு வந்ததும் கேள்வி வந்தது. இதை முழுங்க எதுக்குய்யா சானடோரியம்? வீட்டில் உட்கார்ந்து முழுங்கினால் என்ன?

கேட்பதற்குச் சுலபம். பெரிய டாக்டர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. வீடு என்பது எட்டுக்குப் பத்து அறை, அதில் ஏழு பேர், காற்று இல்லை, சாப்பாடு அரைவயிறு. நோயாளி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட மாட்டான், வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்கும் ஒட்ட வைப்பான் என்றார்கள். நியாயமான பயம்தானே?

*

இதைச் சோதித்துப் பார்க்கத்தான் 1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், இந்த நாலு பேரும் கூட்டு. இங்கிலாந்திலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முதல் ஐந்து வருஷம் பொறுப்பில் இருந்தார். காமராஜர் முதல்வராக இருந்த காலம். பள்ளிக்கூடத்துக்கே பணம் போதாத மாநிலம், ஆராய்ச்சிக்கும் கூட்டாளியாகச் சேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

பரிசோதனை ரொம்ப எளிமை. சென்னையின் ஏழை நோயாளிகள், இருநூறு பேருக்குச் சற்றுக் குறைவு. குலுக்கல் மாதிரி முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி அவரவர் வீட்டுக்கு. யார் எங்கே போவது என்பது டாக்டர் இஷ்டமும் இல்லை, நோயாளி இஷ்டமும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஐசோநயாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வந்தது. ஒரு வருஷம் முடிந்தபோது நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். வீட்டுக்காரர்களில் ஆரம்பத்திலேயே நோய் முற்றியவர்கள் கொஞ்சம் அதிகம். அதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்து வருஷம் விடாமல் கவனித்து 1966இல் போட்ட அறிக்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

குழந்தைகளுக்கு ஒட்டும் என்ற பயம்? வீட்டில் நோயாளியோடு இருந்தவர்களுக்கு, சானடோரியத்துக்குப் போனவரின் குடும்பத்தைவிட அதிகமாக நோய் வரவில்லை. தொற்ற வேண்டியது, நோய் இருக்கிறது என்று தெரிவதற்கு முன்னாலேயே தொற்றிவிடுகிறது. மருந்து ஆரம்பித்த பிறகு ஆபத்து மளமளவென்று குறைகிறது.

சாப்பாடு? சானடோரியத்துக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடை கூடினார்கள். ஆனால் நோய் குணமாவதில் அது வித்தியாசம் காட்டவில்லை. (இந்த வரியை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி திரும்பி வரும்.)

இதன் விளைவு என்ன தெரியுமா? இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம் 1962இல் வீட்டுச் சிகிச்சையை வைத்துத்தான் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனமும் அறுபதுகளில் ஏழை நாடுகளுக்கு அதையே சொன்னது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடின அல்லது வேறு ஆஸ்பத்திரியாக மாறின. நம்ம தாம்பரத்திலேயே ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது, நெஞ்சக நோய் மருத்துவமனையாக. சானடோரியம் என்பது ஸ்டேஷன் பெயரில் தங்கிவிட்டது.

சேத்துப்பட்டு மையம் 1964இல் நிரந்தர நிறுவனமானது. பிற்பாடு காசநோய் ஆராய்ச்சி மையம், 2011இலிருந்து தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இப்ப சொல்லுங்க, இதன் லாபத்தை எப்படி எழுதுவது? கட்டாமல் விட்ட லட்சக்கணக்கான படுக்கைகளுக்கு எந்த பட்ஜெட்டிலும் தலைப்பு கிடையாது. வராத செலவை யாரும் வரவு வைப்பதில்லை. அமெரிக்காக்காரன் பாணியில் போட்டால், சேத்துப்பட்டில் சில டாக்டர்கள், நர்ஸ்கள், லேப் ஊழியர்கள் சம்பளம் வாங்கினார்கள் என்பதோடு கணக்கு முடிந்துவிடும்.

*

இத்தோட நிறுத்தினா நல்ல பெருமைப் பதிவா முடிஞ்சிடும். ஆனா பாட்டி விட மாட்டாங்க.

தாத்தா வடசென்னையில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். 1962இல் நோய் வந்தபோது அம்மாவுக்கு ஏழு வயசு. சேத்துப்பட்டுக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். பி.ஏ.எஸ். ஒரு நாளைக்குப் பத்து கிராம் அளவுக்கு உள்ளே போக வேண்டும். குமட்டல், வயிற்றுப்போக்கு. ஹெல்த் விசிட்டர் அம்மா ஒருத்தர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து மிச்ச மாத்திரையை எண்ணுவாராம். சிறுநீரையும் சோதிப்பாராம், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று. "உங்க தாத்தா ரெண்டு தரம் மாத்திரைய சாக்கடைல போட்டாரு. அந்தம்மா ரெண்டு தரமும் கண்டுபிடிச்சுட்டாங்க. திட்டவே இல்ல. உக்காந்து எங்கிட்ட அரை மணி நேரம் பேசிட்டுப் போனாங்க" என்பார் பாட்டி.

மருந்து இலவசம். ஆனால் மில்லில் விஷயம் தெரிந்ததும் உடம்பு தேறினால் வா என்று அனுப்பிவிட்டார்கள். எட்டு மாசம் சம்பளம் இல்லை. பாட்டியின் வளையல் நாலும் அடகுக்கடைக்குப் போச்சு. ரெண்டு மட்டும்தான் திரும்பி வந்தது. பெரிய மாமா அப்ப எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி ஒரு சைக்கிள் கடையில் சேர்த்தார்கள். அதுக்கப்புறம் அவர் படிக்கவே இல்லை. தாத்தா பிழைத்தார், இன்னும் இருபத்தாறு வருஷம் நன்றாக வாழ்ந்தார். எங்க அம்மா படித்து டீச்சர் ஆனார். மாமா கடைசிவரை பஞ்சர்தான் ஒட்டினார்.

சர்க்கார் கணக்கில் தாத்தாவால் மிச்சம் ஒரு படுக்கை. அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் கட்டியது மாமாவின் எட்டாம் வகுப்பு.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்லை. அதே சேத்துப்பட்டு மையத்துக்காரர்கள் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முந்நூறு சொச்சம் நோயாளிகளிடம் குடும்பச் செலவு விவரம் கேட்டார்கள். ஒரு நோயாளிக்கு சராசரியாக 83 வேலை நாள் போயிருக்கு. மருந்துச் செலவு, வைத்தியச் செலவு, இழந்த கூலி எல்லாம் சேர்த்து சராசரி 5,986 ரூபாய். கடன் 2,079 ரூபாய். அந்த வீட்டுப் பள்ளிக் குழந்தைகளில் 11 சதவீதம் பேர் படிப்பை விட்டார்கள். இன்னும் 8 சதவீதம் பேர் குடும்பத்துக்காக வேலைக்குப் போனார்கள். நோய் வந்த பெண்களில் 15 சதவீதம் பேரைக் குடும்பமே ஒதுக்கியது.

முதல் ஆய்வுக்கு நாற்பது வருஷம் கழித்து, அதே இடத்திலிருந்து, மற்ற பக்கத்துக் கணக்கும் வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பதில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். உருப்படியான நிறுவனம் தான் சொன்னதன் பின்விளைவையும் தானே போய்ப் பார்க்கும்.

*

அரசாங்கம் செய்த தப்பு எங்கே என்று யோசித்தால், ஆராய்ச்சி சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் என்று படுகிறது. 'வீட்டில் வைத்தியம் பார்க்கலாம், செலவு குறைவு' என்ற பாதியை எடுத்துக்கொண்டார்கள். சொல்லாமல் வந்து மாத்திரை எண்ணிவிட்டு அரை மணி நேரம் பேசிவிட்டுப் போன அந்த ஹெல்த் விசிட்டரும் ஆராய்ச்சியின் பகுதி என்பதை விட்டுவிட்டார்கள். நாடு முழுக்கத் திட்டம் விரிந்தபோது மாத்திரை போனது, அந்தம்மா போகவில்லை. 1992இல் திட்டத்தைப் பரிசீலித்தபோது சிகிச்சையை முழுசாக முடித்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை.

இதற்கும் விடை சேத்துப்பட்டிலேயே இருந்தது. தினமும் கொடுக்காமல் வாரம் இரண்டு முறை, ஊழியர் கண்ணெதிரே மருந்து கொடுத்தாலும் போதும் என்று 1964லேயே காட்டியிருந்தார்கள். தொண்ணூறுகளில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகமெல்லாம் பரவிய முறைக்கு அது ஓர் அஸ்திவாரம். இந்தியா திருத்திய திட்டத்தை 1997இல் தொடங்கி 2006இல்தான் நாடு முழுக்கக் கொண்டுபோனது. நடுவில் போன வருஷங்களுக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

இப்ப அந்தச் சாப்பாட்டு வரிக்கு வருவோம். மருந்து ஒழுங்காகப் போனால் நல்ல சாப்பாடு இல்லாவிட்டாலும் நோய் குணமாகும் என்பதுதான் ஐம்பதுகளின் முடிவு. அதை 'சாப்பாடு முக்கியமில்லை' என்று படிப்பது அரசாங்கத்துக்கு வசதியாகப் போய்விட்டது. குணமாவது ஒரு கேள்வி. யாருக்கு நோய் வருகிறது, யார் சாகிறார்கள் என்பது வேறு கேள்வி. சேத்துப்பட்டு நிறுவனத்தினரும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளியின் குடும்பத்துக்கே அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது! ஒரு மூட்டை அரிசி தடுப்பூசி வேலை செய்திருக்கு. நோயாளிக்குச் சத்துணவுக்கென்று மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது 2018இல்தான். 2024 நவம்பரில் ஆயிரம் ஆக்கினார்கள்.

இன்னொரு செய்தியும் சொல்லணும். 2022இல் தமிழ்நாட்டில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஆரம்பித்தார்கள். வடிவமைக்க உதவியது சென்னையிலேயே இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். நோய் தெரிந்த உடனே எடை ரொம்பக் குறைவா, மூச்சுத் திணறலா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். மோசமாக இருப்பவர்களை மட்டும் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். எல்லாருக்கும் படுக்கை வேண்டாம் என்று 1959இல் சொன்ன அதே ஊர், யாருக்குக் கட்டாயம் வேண்டும் என்பதை அறுபது வருஷம் கழித்துப் பிரித்துச் சொல்கிறது.

ஆக, சுகாதார ஆராய்ச்சிக்குப் போடும் காசு மாநிலத்துக்கு லாபமா? லாபம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் மிச்சமான பணம் எங்கே போனது என்றும் சேர்த்துக் கேட்கணும். படுக்கை கட்டாமல் மிச்சமானதில் ஒரு துளியை அந்த ஹெல்த் விசிட்டருக்கும், ஒரு மூட்டை அரிசிக்கும், எட்டு மாசச் சம்பளத்தில் பாதிக்கும் ஒதுக்கியிருந்தால் எங்க மாமா எஸ்.எஸ்.எல்.சி. எழுதியிருப்பார்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட மெதுவாக் கேட்டுப் பாருங்க. இந்த மாதிரி ஒரு மாத்திரைக் கதை நிறைய வீட்டில் ஒளிஞ்சிருக்கும். இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. இனிமே மறைக்க ஒண்ணும் இல்லை.

பி.கு.: இந்தப் பதிவை எழுதலாமான்னு அம்மாகிட்ட கேட்டேன். "பேரப் போடாம எழுதிக்கோ" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ஹெல்த் விசிட்டர் அம்மாவ மறக்காம எழுது" என்றார்.